லீ இயற்கணிதத்துக்கு அப்பால் ஐடியல்களும் தீர்வுடைமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீ இயற்கணிதத்தின் முதல் பாடங்களை முடித்து, லைப்னிட்ஸ், மால்த்செவ், ஹோம்-லீ, பல உறுப்புப் பெருக்கல் கொண்ட லீ இயற்கணிதங்கள் ஆகியவற்றுக்குள் நுழையும் மாணவர்களை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. இயற்கணிதத்தை ல என்றும், ஐடியல்களை ம, ந என்றும், உறுப்புகளைக் க, ச, ட என்றும், பெருக்கலை [க, ச] என்றும் குறிக்கிறோம். வேறு விதமாகச் சொல்லாத இடமெல்லாம் முடிவுறு பரிமாணம் உடைய வெளிகளையே எடுத்துக்கொள்கிறோம். குறிப்பிடாத பெருக்கல்கள் அனைத்தும் 0 ஆகும்.

லீ இயற்கணிதத்தில் ஐடியல், தீர்வுடைமை ஆகியவற்றின் பொருள் என்ன?

ல-வின் ஓர் உள்வெளி ம, ல-வின் எந்த உறுப்போடு பெருக்கினாலும் தனக்குள்ளேயே நிற்குமானால் அது ஐடியல் ஆகும். லீ இயற்கணிதத்தில் [க, ச] = −[ச, க] என்பதால் இடப்பக்கம், வலப்பக்கம் என்ற வேறுபாடு எழுவதில்லை. ஐடியலால் வகுத்தால் ஈவு இயற்கணிதம் கிடைக்கும்.

தீர்வுடைமையை அறிய, ல-விலிருந்து தொடங்கி, ல′ = [ல, ல], ல″ = [ல′, ல′] என்று ஒவ்வொரு படியிலும் முந்தைய வெளியை அதனோடே பெருக்கிக்கொண்டு போகிறோம். இந்த வழிவந்த தொடர் ஏதோ ஒரு படியில் 0-ஐ அடைந்தால் ல தீர்வுடையது. மேல்முக்கோண அணிகள் தீர்வுடையவை. சுவடு 0 உடைய 2×2 அணிகளின் இயற்கணிதம், களத்தின் சிறப்பியல்பு 2 ஆக இல்லாதவரை, தன் பெருக்கலால் தன்னையே மீண்டும் தருவதால் தீர்வுடையது அன்று.

சேர்ப்புப் பண்பும் ஜகோபி முற்றொருமையும் இல்லாத இயற்கணிதத்திலும் தீர்வுடைமையை வரையறுக்கலாமா?

வரையறுக்கலாம். பலர் எண்ணுவதைவிடக் கூடுதலாகவே அது பயன்தருகிறது. மேலே சொன்ன தொடருக்குப் பெருக்கல் இரு இடங்களிலும் நேரியலாக இருந்தால் போதும். வேறு எந்த முற்றொருமையும் தேவையில்லை. தீர்வுடைய இயற்கணிதத்தின் உள் இயற்கணிதங்களும் ஈவுகளும் தீர்வுடையவை என்பது உடனே தெரியும். ம என்ற ஐடியல் தீர்வுடையதாகவும், ல-வை ம-வால் வகுத்துக் கிடைக்கும் ஈவு தீர்வுடையதாகவும் இருந்தால், ஈவின் தொடர் 0-ஐ அடையும் படியில் ல-வின் தொடர் ம-வுக்குள் வந்துவிடும், அதன் பிறகு ம-வின் தீர்வுடைமை அதை 0-க்கு இட்டுச்செல்லும். எனவே ல-வும் தீர்வுடையதாகிறது.

ம, ந இரண்டும் தீர்வுடைய ஐடியல்கள் என்றால், ம + ந-வை ந-வால் வகுத்துக் கிடைப்பது ம-வின் ஓர் ஈவுக்குச் சமமான அமைப்புடையது. ஆகவே ம + ந தீர்வுடையது. முடிவுறு பரிமாணத்தில் இதன் விளைவாக, எல்லாத் தீர்வுடைய ஐடியல்களையும் உள்ளடக்கிய மிகப் பெரிய தீர்வுடைய ஐடியல் ஒன்று எப்போதும் உண்டு. அதைத்தான் மூலகம் என்கிறோம். இந்த வாதத்தில் ஜகோபி முற்றொருமை எங்கும் பயன்படவில்லை. பாடநூல்கள் இதை லீ இயற்கணித அத்தியாயத்துக்குள் நிறுவுவதால், மூலகம் இருப்பதே ஜகோபியால்தான் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஊன்றிவிடுகிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே எழுகிறது?

வழிவந்த தொடரின் உறுப்புகள் ஐடியல்களாக இருக்கின்றனவா என்ற இடத்தில் எழுகிறது. ப, த, ர, வ, ண என்ற ஐந்து உறுப்புகளை அடுக்களமாகக் கொண்டு, [ப, த] = ர, [வ, ர] = ண என்றும், எதிர்வரிசையில் குறி மாறும் என்றும் ஒரு பெருக்கலை வரையறுப்போம். ப, த, ர, ண அளாவும் வெளி ம ஓர் ஐடியல். ஆனால் [ம, ம] என்பது ர மட்டுமே அளாவும் கோடு. வ-வால் பெருக்கினால் ர கோட்டைவிட்டு வெளியேறி ண ஆகிவிடுகிறது. ஆகவே ஒரு ஐடியலின் வர்க்கம் ஐடியலாக இல்லை.

இதன் விளைவு சிறியதன்று. லீ இயற்கணிதத்தில், 0 அல்லாத தீர்வுடைய ஐடியல் ஒன்று இருந்தால், அதன் தொடரில் 0-க்கு முந்தைய உறுப்பை எடுத்து, 0 அல்லாத பரிமாற்று ஐடியல் (தனக்குள் பெருக்கல் எல்லாம் 0 ஆகும் ஐடியல்) ஒன்று உண்டு என்று சொல்லிவிடுகிறோம். மூலகம் 0 ஆவதும் அத்தகைய பரிமாற்று ஐடியல் இல்லாமல் இருப்பதும் ஒன்றே என்ற வசதியான சோதனை அங்கிருந்துதான் வருகிறது. தொடரின் உறுப்புகள் ஐடியல்களாக இல்லாத இடத்தில் அந்த வாதம் அறுந்துவிடும்.

ஜகோபி முற்றொருமை இதை எப்படித் தடுக்கிறது என்று பார்த்தால், முழு விஷயமும் தெளிவாகும். க-வை இடப்பக்கத்திலிருந்து பெருக்கும் செயல் ஒரு வகையீடு என்பதே ஜகோபி முற்றொருமையின் உள்ளடக்கம்; அதாவது [க, [ச, ட]] = [[க, ச], ட] + [ச, [க, ட]]. ச, ட இரண்டும் ம-வில் இருந்தால், வலப்பக்கத்தின் இரண்டு உறுப்புகளும் [ம, ம]-வில் விழுகின்றன. தீர்வுடைமைக் கோட்பாடு சீராக நடப்பதற்குக் காரணம், குறி மாறும் பண்பைவிட, பெருக்கல் ஒரு வகையீடாகச் செயல்படுவதுதான் என்பதே என் துணிபு. இனி வரும் ஒவ்வொரு அமைப்பிலும் ‘இங்கே எது வகையீடு?’ என்று கேட்டால், பாதிக்கு மேற்பட்ட தேற்றங்கள் நிற்குமா விழுமா என்பதைக் கணக்குப் போடும் முன்பே ஊகிக்கலாம்.

லைப்னிட்ஸ் இயற்கணிதம் என்றால் என்ன?

மேலே தந்த வகையீட்டு முற்றொருமையை மட்டும் வைத்துக்கொண்டு, குறி மாறும் பண்பைக் கைவிட்டால் கிடைப்பது லைப்னிட்ஸ் இயற்கணிதம். 1965-இல் சோவியத் கணிதவியலாளர் புளோ இதை வேறு பெயரில் ஆராய்ந்தார். அன்று பெரிதாகக் கவனிக்கப்படாத அந்தக் கருத்தை 1993-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழான் லூயி லோடே ஹோமாலஜியின் வழியாகத் தனியே வந்தடைந்து, இன்று வழங்கும் பெயரையும் தந்தார். பெருக்கல் விதியின்படி வகையிடும் லைப்னிட்ஸின் பழைய வாய்பாடே முற்றொருமையாக நிற்பது பெயருக்குக் காரணம்.

மிகச் சிறிய எடுத்துக்காட்டுகள் இரு பரிமாணத்திலேயே உள்ளன. ப, த என்ற அடுக்களத்தில் [ப, ப] = த என்று மட்டும் வைத்தால் ஒன்று கிடைக்கும்; [ப, த] = த என்று மட்டும் வைத்தால் இன்னொன்று கிடைக்கும். இரண்டிலும் குறி மாறும் பண்பு இல்லை. இரண்டாவது எடுத்துக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது இந்தப் பக்கத்தில் பலமுறை வேலை செய்யும்.

பொதுவான கட்டுமானம் ஒன்றும் உண்டு. ஒரு லீ இயற்கணிதத்தையும் அது செயற்படும் ஒரு மாட்யூலையும் அருகருகே வைத்து, லீ உறுப்பு இடப்பக்கத்தில் நின்றால் மாட்யூல்மீது வழக்கம்போல் செயற்படட்டும் என்றும், மாட்யூல் உறுப்பு இடப்பக்கத்தில் நின்றால் பெருக்கல் 0 என்றும் வரையறுங்கள். கிடைப்பது எப்போதும் லைப்னிட்ஸ் இயற்கணிதமே. இதை ஒருபக்கக் கூட்டு என்று இங்கே அழைப்போம்.

கட்டுரைகளில் சிலர் இட லைப்னிட்ஸ் என்றும் சிலர் வல லைப்னிட்ஸ் என்றும் எழுதுகிறார்களே?

பெருக்கலின் வரிசையைத் திருப்பினால் ஒன்று மற்றொன்றாகும். கோட்பாட்டில் வேறுபாடு இல்லை. இந்தப் பக்கம் இட வடிவத்தையே பின்பற்றுகிறது. லோடேயின் மூலக் கட்டுரை வல வடிவத்தில் இருப்பதால், ஒரு கட்டுரையின் முடிவை இன்னொன்றில் பொருத்தும் முன் முதல் பக்கத்தில் உள்ள முற்றொருமையைப் பார்த்துவிடுவது கட்டாயம்.

வர்க்கங்களின் ஐடியல் ஏன் இவ்வளவு முக்கியமானது?

[க, க] வடிவிலான உறுப்புகள் எல்லாம் சேர்ந்து அளாவும் வெளியை வர்க்க ஐடியல் என்போம். வகையீட்டு முற்றொருமையில் ச-வின் இடத்திலும் க-வையே வைத்தால், இருபுறமும் [க, [க, ட]] அடிபட்டு, [[க, க], ட] = 0 என்று எஞ்சுகிறது. ஆகவே ஒவ்வொரு வர்க்கமும் இடப்பக்கத்தில் நின்றால் அனைத்தையும் 0 ஆக்குகிறது. வலப்பக்கத்தில் நின்றால், [ச, [க, க]] = [[ச, க], க] + [க, [ச, க]]; இது [ச, க] + க என்பதன் வர்க்கத்திலிருந்து இரண்டு வர்க்கங்களைக் கழித்தால் கிடைப்பது. எனவே அந்த வெளி ஐடியல்தான், அதுவும் பரிமாற்று ஐடியல். அதனால் வகுத்தால் வர்க்கங்கள் எல்லாம் 0 ஆகி, ஈவு லீ இயற்கணிதமாகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பின்தொடர்கின்றன. லீ அல்லாத லைப்னிட்ஸ் இயற்கணிதத்தில் வர்க்க ஐடியல் 0 அன்று. அது ல முழுவதுமாக இருந்தால் பெருக்கலே இல்லாமல் போகும் என்பதால், பெருக்கல் உள்ள எந்த லீ அல்லாத லைப்னிட்ஸ் இயற்கணிதமும் பழைய பொருளில் (0, ல தவிர வேறு ஐடியல் இல்லாதது என்ற பொருளில்) எளியதாக இருக்கவே முடியாது. ஆகவே 0, வர்க்க ஐடியல், ல ஆகியவற்றைத் தவிர வேறு ஐடியல் இல்லை என்பதும், [ல, ல] வர்க்க ஐடியலுக்குச் சமமன்று என்பதும் சேர்ந்து எளிய என்பதன் புதிய வரையறை ஆகிவிட்டன. அதேபோல் மூலகம் வர்க்க ஐடியலுக்குச் சமமாக இருந்தால் அரை-எளிய என்கிறோம்.

லைப்னிட்ஸ் இயற்கணிதத்தில் இரண்டு ஐடியல்களின் பெருக்கல் ஐடியலா?

எப்போதும் அன்று. ம, ந ஐடியல்கள் என்றால், வகையீட்டு முற்றொருமையால் [ம, ந] இடப்பெருக்கலுக்கு மூடியிருக்கும். ம-வில் க, ந-வில் ச, ல-வில் ட எடுத்து வலப்பக்கம் பெருக்கினால் [[க, ச], ட] = [க, [ச, ட]] − [ச, [க, ட]] என்று வரும். முதல் உறுப்பு [ம, ந]-வில் இருக்கிறது. இரண்டாவது [ந, ம]-வில் இருக்கிறது. குறி மாறும் பண்பு இருந்தால் இரண்டும் ஒன்றே. இல்லாதபோது, அவை வேறு வேறு வெளிகளாக இருக்கலாம்.

இருக்கலாம் என்று சொல்லி விட்டுவிடுவதைவிட ஓர் எடுத்துக்காட்டைக் கையால் சரிபார்ப்பது நல்லது. ப, த, வ, ர, ழ, ண என்ற ஆறு பரிமாண அடுக்களத்தில் பெருக்கலை இப்படி வரையறுங்கள்: [ப, வ] = ர, [ப, த] = ழ, [த, ப] = −ழ, [த, ர] = ண, [ழ, வ] = −ண. ப, த, வ ஆகியவற்றின் படி 1, ர, ழ ஆகியவற்றின் படி 2, ண-வின் படி 3 என்று கொண்டால் பெருக்கலில் படிகள் கூடுகின்றன. மேலும் ண-வை அடைய ப, த, வ மூன்றும் ஒவ்வொரு முறை வந்தாக வேண்டும். எனவே முற்றொருமையை ப, த, வ ஆகியவற்றின் ஆறு வரிசை மாற்றங்களுக்கு மட்டும் பார்த்தால் போதும். ப, த, வ என்ற வரிசையில் இடப்பக்கம் [ப, [த, வ]] = 0; வலப்பக்கம் [ழ, வ] + [த, ர] = −ண + ண = 0. த, ப, வ என்ற வரிசையில் இடப்பக்கம் [த, ர] = ண; வலப்பக்கம் [−ழ, வ] + 0 = ண. மற்ற நான்கிலும் இருபக்கமும் 0.

இப்போது ம என்பது ப, ர, ழ, ண அளாவும் வெளியாகவும், ந என்பது த, ழ, ண அளாவும் வெளியாகவும் இருக்கட்டும், இரண்டும் ஐடியல்கள். [ம, ந]-வைக் கணக்கிட்டால் ழ அளாவும் கோடு மட்டுமே கிடைக்கிறது. ஆனால் [ழ, வ] = −ண அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. [ந, ம] என்பதோ ழ, ண இரண்டும் அளாவும் வெளி. ஒரே இரு ஐடியல்களை எந்த வரிசையில் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரு வரிசையில் ஐடியல் கிடைக்கிறது, மற்றதில் கிடைக்கவில்லை. [ம, ந] + [ந, ம] என்ற கூட்டல் எப்போதும் ஐடியல் ஆகும். இரு ஐடியல்களின் பெருக்கல் என்ற கருத்துக்கு லைப்னிட்ஸ் உலகில் சரியான வாரிசு அதுதான்.

இந்தக் குறை தீர்வுடைமையைப் பாதிக்கிறதா?

பாதிக்கவில்லை. ம, ந இரண்டும் ஒன்றேயானால் மேலே வந்த இரண்டு வெளிகளும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே [ம, ம] எப்போதும் ஐடியல். வழிவந்த தொடரின் எல்லா உறுப்புகளும் ஐடியல்களே. மேலும், வர்க்க ஐடியல் பரிமாற்று ஐடியல் என்பதால், ல தீர்வுடையதாக இருப்பதும், வர்க்க ஐடியலால் வகுத்த லீ இயற்கணிதம் தீர்வுடையதாக இருப்பதும் ஒன்றே.

கார்த்தானின் தீர்வுடைமைச் சோதனையும் இந்த வழியில் எளிதாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு க-வுக்கும் அதன் இடப்பெருக்கலைப் பொருத்தினால், ல-விலிருந்து நேரியல் உருமாற்றங்களின் லீ இயற்கணிதத்துக்குப் பெருக்கலைக் காக்கும் உருமாற்றம் ஒன்று கிடைக்கும்; அதன் உட்கரு பரிமாற்று ஐடியல். எனவே சிறப்பியல்பு 0 உடைய களத்தில், க [ல, ல]-விலும் ச ல-விலும் இருக்கும்போதெல்லாம் இரண்டின் இடப்பெருக்கல்களின் தொகுப்புக்குச் சுவடு 0 ஆக இருப்பதே ல தீர்வுடையதாவதற்குத் தேவையானதும் போதுமானதுமான நிபந்தனை.

ஆனால் அரை-எளிமைக்கான சோதனை அப்படியே கடந்து வருவதில்லை. லீ இயற்கணிதத்தில் கில்லிங் வடிவம் (இரு உறுப்புகளின் இடப்பெருக்கல்களின் தொகுப்புக்குரிய சுவடு) சிதைவற்றதாக இருப்பதும் அரை-எளியதாக இருப்பதும் ஒன்று. லைப்னிட்ஸில் வர்க்கங்களின் இடப்பெருக்கல் 0 என்பதால், லீ அல்லாத நிலையில் வடிவம் எப்போதும் சிதைந்ததே. ‘சிதைவு சரியாக வர்க்க ஐடியலோடு நின்றுவிடுகிறது’ என்று நிபந்தனையைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ல அரை-எளியதாக இருந்தால் அது உண்மைதான், மறுதலை பொய். [ப, த] = த என்ற இரு பரிமாண எடுத்துக்காட்டைப் பாருங்கள். ப-வின் இடப்பெருக்கலை இருமுறை செய்தால் சுவடு 1. த-வின் இடப்பெருக்கல் 0. சிதைவு த-வோடு நிற்கிறது, வர்க்க ஐடியலும் த-வே; ஆனால் இந்த இயற்கணிதம் தீர்வுடையது.

சுழியடுக்கு இயற்கணிதங்களும் ஏங்கலின் தேற்றமும் எப்படி மாறுகின்றன?

ல-விலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியிலும் ல-வாலேயே இடப்பக்கம் பெருக்கிக்கொண்டு போனால் கிடைக்கும் தொடர் 0-ஐ அடைந்தால், ல சுழியடுக்கு இயற்கணிதம். ஏங்கலின் தேற்றம் லைப்னிட்ஸிலும் நிற்கிறது: எல்லா இடப்பெருக்கல்களும் தனித்தனியே சுழியடுக்கு உருமாற்றங்கள் (சிலமுறை தொடர்ந்து செய்தால் 0 ஆகுபவை) என்றால் ல சுழியடுக்கு ஆகும். இங்கே இடம் என்ற சொல்லை விட்டுவிட முடியாது. [ப, த] = த எடுத்துக்காட்டில் ப-வின் வலப்பெருக்கல் 0; த-வின் வலப்பெருக்கல் ப-வை த ஆக்கி, த-வை 0 ஆக்குகிறது. எல்லா வலப்பெருக்கல்களும் சுழியடுக்குதான். ஆயினும் ப-வின் இடப்பெருக்கல் த-வை மாற்றாமல் வைத்திருப்பதால் இயற்கணிதம் சுழியடுக்கு அன்று.

லீ உலகில் இல்லாத ஒரு புதுமையும் இங்கே உண்டு. ஒரே உறுப்பால் பிறப்பிக்கப்படும் லீ இயற்கணிதம் ஒரு பரிமாணத்தைத் தாண்டாது. லைப்னிட்ஸில், முதல் அடுக்கள உறுப்பு ஒவ்வொரு உறுப்பையும் அடுத்ததாக மாற்றும் என்றும், கடைசியை 0 ஆக்கும் என்றும், மற்ற பெருக்கல்கள் 0 என்றும் வைத்தால், எந்தப் பரிமாணத்திலும் ஒரே உறுப்பால் பிறப்பிக்கப்படும் சுழியடுக்கு இயற்கணிதம் கிடைக்கிறது.

லீயின் தேற்றம் நிற்கிறதா?

சிறப்பியல்பு 0 உடைய, இயற்கணித முறையில் மூடிய களத்தில் நிற்கிறது. தீர்வுடைய லைப்னிட்ஸ் இயற்கணிதத்தில் ஒவ்வொரு பரிமாணத்துக்கும் ஓர் ஐடியலாக, ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய சங்கிலி உண்டு. [ல, ல] சுழியடுக்காக இருக்கிறது. மேலும் பிரிக்க முடியாத எளிய இருபக்க மாட்யூலில் வலச்செயல் 0 ஆகவோ, இடச்செயலின் எதிர்க்குறியாகவோ மட்டுமே இருக்க முடியும் என்பதுதான் நிறுவலின் திறவுகோல்.

சிறப்பியல்பு ஒரு பகா எண்ணாக இருந்தால், லீ உலகில் போலவே இங்கும் தேற்றம் விழுகிறது. சிறப்பியல்பு 3 என்று வைத்துக்கொள்வோம். அடுக்கு 3-க்குக் குறைந்த பல்லுறுப்புக் கோவைகளின் முப்பரிமாண வெளியில், வகையிடுதலும், மாறியால் பெருக்கி மாறியின் 3-ஆம் அடுக்கை 0 ஆக்குதலும் ஹைசன்பர்க் லீ இயற்கணிதம் ஒன்றைப் பிறப்பிக்கின்றன. அவற்றின் அடைப்புப் பெருக்கல் சமனி உருமாற்றம். இதன் ஒருபக்கக் கூட்டை எடுத்தால் 6 பரிமாணத் தீர்வுடைய லைப்னிட்ஸ் இயற்கணிதம் கிடைக்கும். அதன் [ல, ல]-வில் சமனி இருப்பதால் அது சுழியடுக்கு அன்று.

லெவியின் பிரிப்பு எந்த அளவுக்குக் கடந்து வருகிறது?

டொனால்ட் பார்ன்ஸ் 2012-இல் வெளியிட்ட முடிவு இதற்கு விடை தருகிறது. சிறப்பியல்பு 0-இல் எந்த லைப்னிட்ஸ் இயற்கணிதமும் தன் மூலகமும் ஓர் அரை-எளிய லீ உள் இயற்கணிதமும் சேர்ந்ததாகப் பிரிகிறது. ஆனால் அந்த அரை-எளிய பகுதிகள் ஒன்றுக்கொன்று இணையானவை (இடப்பெருக்கல்கள் தரும் உருமாற்றங்களால் ஒன்றை மற்றொன்றுக்கு நகர்த்தலாம்) என்ற லீ உலகத் தேற்றம் தோற்கிறது.

ஏன் தோற்கிறது என்பதைச் சிறப்பியல்பு 0 களத்தின்மீது சுவடு 0 உடைய 2×2 அணிகளின் லீ இயற்கணிதத்தைக் கொண்டே காணலாம். அது தன்மீதே செயற்படும் மாட்யூலோடு ஒருபக்கக் கூட்டை அமையுங்கள். உறுப்புகள் (க, ச) என்ற சோடிகள். மூலகம் (0, ச) வடிவ உறுப்புகள். (க, 0) வடிவ உறுப்புகள் ஓர் அரை-எளிய பகுதி. (க, க) வடிவ உறுப்புகளும் பெருக்கலுக்கு மூடியிருப்பதால் இன்னோர் அரை-எளிய பகுதி. லீ உலகில் மூலகத்தின் உறுப்புகளின் பெருக்கல்கள்தாம் ஒன்றை மற்றொன்றுக்கு நகர்த்தும். இங்கே மூலகத்தின் இடப்பெருக்கல்கள் எல்லாம் 0. நகர்த்துவதற்கு எதுவும் இல்லை. (க, 0) பகுதியின் இடப்பெருக்கல்களோ அதை அதற்குள்ளேயே வைத்திருக்கின்றன.

இதே திசையில் இன்னொரு இழப்பும் உண்டு. அரை-எளிய லீ இயற்கணிதத்தின் மாட்யூல்கள் எளியவற்றின் கூட்டலாகப் பிரியும் என்ற வைல் தேற்றம், லைப்னிட்ஸ் பொருளிலான இருபக்க மாட்யூல்களுக்குப் பொருந்தாது என்று லோடேயும் பிராஷ்விலியும் 1996-இல் காட்டினர்.

மால்த்செவ் இயற்கணிதங்களில் என்ன நடக்கிறது?

அங்கே குறி மாறும் பண்பு இருக்கிறது, ஜகோபி இல்லை. க, ச, ட மூன்றின் சுழற்சிப் பெருக்கல்களின் கூட்டலை ஜ(க, ச, ட) என்று எழுதினால், ஜ(க, ச, [க, ட]) = [ஜ(க, ச, ட), க] என்பது முற்றொருமை. அனத்தோலி மால்த்செவ் 1955-இல் லூப் எனப்படும் அமைப்புகளை (சேர்ப்புப் பண்பு வேண்டாத, குலம் போன்றவை) ஆராய்ந்தபோது இதற்கு வந்தார். ஆர்தர் சேகில் 1961-இல் விரிவாக ஆராய்ந்து இன்றைய பெயரை நிலைநிறுத்தினார். ஆக்டோனியன்கள் என்ற, சேர்ப்புப் பண்பு இல்லாத 8 பரிமாண எண்களின் கற்பனைப் பகுதி, க·ச − ச·க என்ற பெருக்கலோடு, 7 பரிமாண எளிய மால்த்செவ் இயற்கணிதமாகிறது. சிறப்பியல்பு 0 உடைய மூடிய களத்தின்மீது லீ அல்லாத எளிய மால்த்செவ் இயற்கணிதம் இது ஒன்றே.

இடப்பெருக்கல் இங்கே வகையீடு அன்று; இரண்டு இடப்பெருக்கல்களின் பரிமாற்றியோடு அவற்றின் பெருக்கலின் இடப்பெருக்கலைக் கூட்டினால் வகையீடு கிடைக்கிறது. ஆகவே ஒரு ஐடியலின் வர்க்கத்தைப் பற்றிய வாதங்கள் ஒரு படி சுற்றிப்போக வேண்டியுள்ளன. சிறப்பியல்பு 0-இல் லெவி வகைப் பிரிப்பு இவற்றுக்கும் நிறுவப்பட்டுள்ளது.

ஹோம்-லீ இயற்கணிதத்தில் ஐடியல்களை எப்படி வரையறுப்பது?

ஹார்ட்விக், லார்சன், சில்வெஸ்ட்ரோவ் மூவரும் 2006-இல் வெளியிட்ட கட்டுரையில் அறிமுகமான இந்த அமைப்பில், ஜகோபி முற்றொருமையின் வெளி உறுப்பு, பெருக்கலைக் காக்கும் ஒரு திரிப்பு உருமாற்றத்தின் வழியாக வருகிறது: க-வின் திரிந்த வடிவத்தைக் க* என்று எழுதினால், [க*, [ச, ட]], [ச*, [ட, க]], [ட*, [க, ச]] மூன்றின் கூட்டல் 0. ஐடியல் என்பது பெருக்கலுக்கும் திரிப்புக்கும் மூடியிருக்க வேண்டும் என்று வரையறுப்பதே வழக்கம்.

இங்கே வகையீடு போல நடந்துகொள்வது க* மட்டுமே, க அன்று. எனவே திரிப்பு ல முழுவதையும் எட்டினால் ஐடியல்களின் பெருக்கல் ஐடியலாகிறது, எட்டாவிட்டால் உறுதியில்லை. திரிப்பை 0 என்று வைத்தால் குறி மாறும் பெருக்கல் எதுவும் ஹோம்-லீ இயற்கணிதமே. அப்போது மூன்றாம் கேள்வியில் வந்த ஐந்து பரிமாண எடுத்துக்காட்டும் இதில் அடங்கிவிடுகிறது. ‘திரிப்பு முழுமையானது’ என்ற நிபந்தனையை இந்தத் துறையின் கட்டுரைகளில் ஒரு சடங்காகக் கருதிக் கடந்துபோக வேண்டாம்.

மூன்று உறுப்புகளைப் பெருக்கும் லீ இயற்கணிதங்களில் தீர்வுடைமைக்கு ஏன் பல வரையறைகள் உள்ளன?

பிலிப்போவ் 1985-இல் அறிமுகப்படுத்திய இந்த அமைப்பில், எந்த இரு உறுப்புகளை நிலையாக வைத்துப் பெருக்கினாலும் கிடைக்கும் செயல் மூவுறுப்புப் பெருக்கலின் வகையீடாக இருக்க வேண்டும். நான்கு பரிமாண வெளியில் மூன்று திசையன்களின் குறுக்குப் பெருக்கல் இதன் முதல் எடுத்துக்காட்டு, அது எளியது.

ம ஓர் ஐடியல் என்றால் அடுத்த படியை [ம, ம, ம] என்று எடுப்பதா, [ம, ம, ல] என்று எடுப்பதா? இரண்டுமே ஐடியல்கள்தாம், ஏனெனில் வகையீடு இரண்டையும் காக்கிறது. காசிமோவ் 1987-இல் ம எத்தனை இடங்களில் வருகிறது என்பதைக் கொண்டு தீர்வுடைமையைத் தரம் பிரித்தார். [ம, ம, ல] பெரியது என்பதால் அதன்படி தீர்வுடையது [ம, ம, ம]-வின்படியும் தீர்வுடையது, மறுதலை இல்லை.

சுவடு 0 உடைய 2×2 அணிகளின் லீ இயற்கணிதத்தோடு வ என்ற ஒரு புதிய உறுப்பைச் சேர்த்து, [வ, க, ச] = [க, ச] என்றும், மூன்று அணிகளின் பெருக்கல் 0 என்றும் வையுங்கள். வகையீட்டு நிபந்தனை நிறைவேறுகிறது என்பதைச் சில வரிகளில் சரிபார்க்கலாம். இந்த நான்கு பரிமாண இயற்கணிதத்தின் முதல் படி அணிகளின் வெளி. முதல் வரையறையின்படி அடுத்த படி 0, எனவே தீர்வுடையது. இரண்டாம் வரையறையின்படி வ உள்ளே வந்து அணிகளின் வெளியை மீண்டும் முழுமையாகத் தருகிறது. எனவே தொடர் ஒருபோதும் இறங்காது. ஆகவே மூவுறுப்பு இயற்கணிதம் பற்றிய எந்தத் தேற்றத்திலும், தீர்வுடைமை எந்தத் தரத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

கையில் ஒரு பெருக்கல் அட்டவணை இருந்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முதலில் இடப்பெருக்கல்கள் வகையீடுகளா என்று அடுக்கள உறுப்புகளில் சரிபாருங்கள். ஆம் என்றால், வர்க்க ஐடியலைக் கண்டுபிடித்து அதனால் வகுத்து, எஞ்சும் லீ இயற்கணிதத்தில் வழிவந்த தொடரின் பரிமாணங்களை எழுதுங்கள். தீர்வுடையதா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். வர்க்க ஐடியலைக் காணும்போது அடுக்கள உறுப்புகளின் வர்க்கங்களோடு நின்றுவிடக் கூடாது; [க, ச] + [ச, க] வடிவங்களையும் சேர்க்க வேண்டும். [ப, த] = த எடுத்துக்காட்டில் அடுக்கள உறுப்புகளின் வர்க்கங்கள் இரண்டுமே 0, ஆனால் ப + த-வின் வர்க்கம் த. வகையீடு அன்று என்றால், வழிவந்த தொடரை ல-விலேயே நேராகக் கணக்கிட வேண்டும். தொடரின் ஒவ்வொரு உறுப்பும் ஐடியலா என்பதைத் தனியே சோதித்த பிறகே, அதனால் வகுக்கவோ அதிலிருந்து பரிமாற்று ஐடியலைப் பெறவோ முற்பட வேண்டும்.